பல்குச்சி முதல் பாணினி வரை: கடல் கடந்து கற்ற இட்சிங்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாணவர்கள் பலர், பாடம் தொடங்குவதற்கு முன் சில மாதங்கள் மொழி வகுப்புக்குச் செல்வதுண்டு. விரிவுரை புரியாவிட்டால் அங்கே போய் அமர்ந்து பயனில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறத்தாழ 1,350 ஆண்டுகளுக்கு முன் ஒரு சீனத் துறவியும் இதையே செய்தார். அவர் போக நினைத்த பல்கலைக்கழகம் இந்தியாவின் நாலந்தா. மொழிப் படிப்புக்காக அவர் தங்கிய இடம் சுமத்ரா. இந்தியா செல்லும் கப்பலில் அவர் ஏறிய துறைமுகம் நம் கெடா.

அவர் பெயர் இட்சிங். சீனர்கள் யீஜிங் என்று உச்சரிப்பார்கள். இந்தியாவுக்குச் சென்ற சீனப் பயணிகள் என்றதும் நம் பாடநூல்கள் பாஹியானையும் யுவான் சுவாங்கையும் முதலில் சொல்லும். மூன்றாவதாக வரும் இட்சிங்கைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும். ஆனால் இந்த மூவருள் தென்கிழக்காசியாவை நன்றாக அறிந்தவர் அவரே. பாஹியான் நாடு திரும்பும் வழியில் மட்டும் நம் கடலைக் கடந்தார். யுவான் சுவாங் போனதும் வந்ததும் தரை வழி. இட்சிங் போனதும் வந்ததும் கடல் வழி. போக வரத் தங்கியதையும் சேர்த்தால் அவர் சுமத்ராவில் கழித்த காலம் ஏறக்குறைய பத்து ஆண்டுகள்.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

இட்சிங் 635ஆம் ஆண்டு பிறந்தார். சீனாவில் அது தாங் பேரரசின் காலம். ஏழு வயதிலேயே அவரை ஒரு பௌத்த மடத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஷான்யூ, ஹுய்ஷி என்ற இரு ஆசிரியர்கள் அவரை வளர்த்தார்கள். ஷான்யூ பல நூல்களைக் கற்றவர். ஹுய்ஷி ஒழுக்க விதிகளில் தேர்ந்தவர். இட்சிங்குக்குப் பன்னிரண்டு வயதானபோது ஷான்யூ இறந்துபோனார். அதன்பின் ஹுய்ஷியின் கண்காணிப்பில் அவர் வினயம் எனப்படும் துறவியர் ஒழுக்க விதிகளைப் பல ஆண்டுகள் ஊன்றிப் படித்தார்.

படிக்கப் படிக்க ஓர் ஐயம் அவரை உறுத்தத் தொடங்கியது. சீனாவில் இருந்த விதிநூல்கள் எல்லாம் இந்திய மொழியிலிருந்து வெவ்வேறு காலங்களில் பெயர்க்கப்பட்டவை. ஒரு நூல் சொல்வது மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை. உரையாசிரியர்கள் அவரவர் ஊகத்துக்கு ஏற்ப விளக்கம் எழுதியிருந்தார்கள். எப்படி உண்ண வேண்டும், எப்படி உடுத்த வேண்டும், நீரை எப்படித் தூய்மை செய்ய வேண்டும் என்பன போன்ற எளிய கேள்விகளுக்குக்கூட ஒரே விடை இல்லை. இந்த விதிகள் பிறந்த நாட்டில் மக்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தால்தான் சண்டை தீரும் என்று அவர் நினைத்தார்.

இந்தியாவுக்குப் போக வேண்டும் என்ற ஆசை பதின்ம வயதிலேயே அவருக்குள் முளைத்துவிட்டது. ஆனால் புறப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தாறு. இடையிலிருந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. தலைநகர் சாங்கானுக்குச் சென்று மெய்யியல் நூல்களைக் கற்றார். கற்க வேண்டியதைக் கற்காமல் போனால் அயல்நாட்டில் எதைக் கேட்பது என்றே தெரியாமல் போய்விடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

670ஆம் ஆண்டு சாங்கானில் வேறு சில துறவிகளும் அவருடன் வருவதாக வாக்களித்தார்கள். புறப்படும் நேரம் வந்தபோது ஒருவருக்கு வயதான தாயை விட்டுவர மனமில்லை. இன்னொருவர் உள்ளூரிலேயே வழிபாட்டில் ஈடுபடுவது போதும் என்று முடிவு செய்துவிட்டார். இட்சிங்குக்கும் தயக்கம் இருந்தது. முதுமையடைந்த ஹுய்ஷியை விட்டுப் போவது முறையா என்று அவரிடமே கேட்டார். கிடைத்தற்கரிய வாய்ப்பு இது, தன்னை நினைத்து நின்றுவிட வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினார். இறந்துபோன ஷான்யூவின் கல்லறைக்கும் சென்று வணங்கிவிட்டு இட்சிங் தெற்கு நோக்கி நடந்தார்.

யாங்சௌ நகரில் ஃபெங் என்ற அதிகாரி அவருக்கு அறிமுகமானார். அந்த அதிகாரியின் குடும்பம்தான் பயணச் செலவுக்குப் பெரிதும் உதவியது. 671ஆம் ஆண்டின் இறுதியில், குவாங்சௌ துறைமுகத்தில் பாரசீகக் கப்பல் ஒன்றில் இட்சிங் ஏறினார். முன்பு வாக்களித்தவர்களில் ஒருவரும் உடன் இல்லை. ஷான்சிங் என்ற இளந்துறவி ஒருவர் மட்டுமே துணை.

ஸ்ரீவிஜயத்தில் மொழி வகுப்பு

அந்தக் காலத்தில் கப்பல்களைக் காற்றுதான் நடத்தியது. ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று சீனாவிலிருந்து தெற்கே தள்ளும். ஆண்டின் நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று எதிர்த்திசையில் வீசும். இந்தியாவிலிருந்து சீனாவுக்கோ சீனாவிலிருந்து இந்தியாவுக்கோ போகும் கப்பல் இடையில் எங்காவது தங்கிக் காற்று மாறுவதற்குக் காத்திருந்தே ஆக வேண்டும். மலாக்கா நீரிணையின் இரு கரைகளிலும் துறைமுகங்கள் செழித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குவாங்சௌவிலிருந்து இருபது நாளுக்குள் கப்பல் ஸ்ரீவிஜயத்தை அடைந்தது. இன்றைய பலெம்பாங் நகரமே அந்த இடம் என்பது பெரும்பாலான வரலாற்றறிஞர்களின் கருத்து. அங்கே இட்சிங் ஆறு மாதம் தங்கி, சமஸ்கிருத இலக்கணத்தைப் படிக்கத் தொடங்கினார். துணைக்கு வந்த ஷான்சிங் நோயுற்று, ஊர் திரும்ப நேர்ந்தது. இனி அவர் தனி ஆள்.

அங்கே கண்ட காட்சி அவரை வியக்க வைத்தது. கோட்டை சூழ்ந்த அந்நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் இருந்தார்கள். இந்தியாவில் படிக்கப்படும் பாடங்களையே அவர்களும் படித்தார்கள். சடங்குகளும் விதிகளும்கூட இந்தியாவில் உள்ளதைப் போலவே இருந்தன. பிற்காலத்தில் இட்சிங் தம் நாட்டுத் துறவிகளுக்கு ஓர் ஆலோசனை எழுதினார். இந்தியா போக விரும்புகிறவர்கள் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு தங்கி முறையாகப் பயின்றுவிட்டு, பிறகு மேற்கே போவது நல்லது என்பது அதன் சாரம். ஏழாம் நூற்றாண்டில் நம் வட்டாரம் வெறும் வணிகச் சந்தையாக மட்டும் இருக்கவில்லை, ஒரு கல்வி மையமாகவும் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஸ்ரீவிஜய மன்னர் அவருக்கு ஆதரவளித்து மலாயு நாட்டுக்கு அனுப்பினார். அது இன்றைய ஜாம்பி வட்டாரம். அங்கே இரண்டு மாதம் இருந்துவிட்டு கெடாவுக்கு வந்தார். ஆண்டின் கடைசி மாதத்தில் காற்று திரும்பியதும், கெடாவிலிருந்து மன்னரின் கப்பலிலேயே இந்தியாவுக்குக் கிளம்பினார்.

கெடாவை விட்டுப் பத்து நாளுக்கு மேல் வடக்கே சென்றதும் ஒரு தீவுக்கூட்டம் தெரிந்தது. அது நிக்கோபார் தீவுகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கப்பலைக் கண்டதும் தீவினர் சிறு படகுகளில் தேங்காய், வாழைப்பழம், பிரம்பு மூங்கில் பொருள்களுடன் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கேட்டது பொன்னோ வெள்ளியோ அல்ல, இரும்பு. இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கொடுத்தார்கள். இரும்பு கிடைக்காத இடத்தில் இரும்புதான் செல்வம் என்பதை இட்சிங் குறித்துவைத்தார்.

673ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வங்காளக் கரையிலிருந்த தாம்ரலிப்தி துறைமுகத்தில் இறங்கினார்.

சேற்றைப் பூசிக்கொண்ட பயணி

தாம்ரலிப்தியில் அவர் ஓராண்டு தங்கி மீண்டும் மொழி படித்தார். அங்கே தாசெங்தெங் என்ற மூத்த துறவி ஒருவர் இருந்தார். வியட்நாம் பகுதியில் பிறந்து, சாங்கானில் யுவான் சுவாங்கிடம் படித்து, இலங்கையையும் தென்னிந்தியாவையும் பார்த்துவிட்டு வந்தவர் அவர். இருவரும் நூற்றுக்கணக்கான வணிகர்கள் சேர்ந்த கூட்டத்தோடு நாலந்தா நோக்கிப் புறப்பட்டார்கள்.

புத்த கயைக்குப் பத்து நாள் தூரம் இருக்கும்போது இட்சிங் கடும் நோயில் விழுந்தார். கூட்டத்தின் வேகத்துக்கு அவரால் நடக்க முடியவில்லை. பின்தங்கிப் பின்தங்கி, ஒரு மாலையில் மலைப்பாதையில் தனியாக அகப்பட்டுக்கொண்டார். வழிப்பறிக்காரர்கள் வில்லை வளைத்துக்கொண்டு வந்து மேலாடையைப் பறித்தார்கள். பிறகு கீழாடையையும் உருவிக்கொண்டார்கள். ஈட்டி முனையில் உயிர் போய்விடும் என்றே அவர் நினைத்தார். எடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள்.

அப்போதுதான் இன்னொரு பயம் வந்தது. வெள்ளைத் தோல் கொண்ட மனிதனைப் பிடித்தால் தெய்வத்துக்குப் பலி கொடுப்பார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். உடனே ஒரு சேற்றுப் பள்ளத்தில் இறங்கி உடம்பு முழுவதும் சேற்றைப் பூசிக்கொண்டார். இலைகளால் உடலை மறைத்துக்கொண்டு, கோலை ஊன்றி மெல்ல நடந்தார். இருட்டி நெடுநேரமான பிறகு, ஒரு சிற்றூரின் வெளியே தாசெங்தெங் தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டது. அவர் தந்த துணியைக் கட்டிக்கொண்டு, குளத்தில் உடலைக் கழுவிவிட்டு ஊருக்குள் போனார்.

அந்த வதந்தி உண்மையா என்று யாரிடமும் கேட்க அவருக்கு நேரமில்லை. அறியாத நாட்டில் தனியாக நிற்பவனை உண்மையான ஆபத்தும் கேள்விப்பட்ட ஆபத்தும் ஒரே அளவில் நடுங்க வைக்கும். இட்சிங் இந்த நிகழ்ச்சியை மறைக்காமல், வீரக் கதையாகவும் ஆக்காமல், நடந்தது நடந்தபடியே எழுதியிருக்கிறார்.

நாலந்தாவின் நாள்கள்

நாலந்தாவில் இட்சிங் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் படித்தார். அப்போது அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் இருந்தார்கள். எட்டு மண்டபங்கள், முந்நூறு அறைகள். மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக மானியம் விட்ட இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் வருவாயில் அந்தக் கல்விக்கூடம் நடந்தது. பாடநேரம், உணவுநேரம் எல்லாவற்றையும் நீர்க்கடிகாரம் வகுத்தது. காலையில் மணி அடித்ததும் துறவிகள் நூறு நூறு பேராக அருகிலிருந்த பெரிய குளங்களுக்குக் குளிக்கப் போவார்கள்.

இந்தியாவில் இலக்கணம் கற்பிக்கப்படும் முறையை இட்சிங் மிக நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் ஆறு வயதில் எழுத்தும் எழுத்துக் கூட்டலும் தொடங்கி ஆறு மாதத்தில் முடிப்பார்கள். எட்டு வயதில் பாணினியின் சூத்திரங்களை எடுத்து எட்டு மாதத்தில் மனப்பாடம் செய்வார்கள். பத்து வயதில் வேர்ச்சொற்களும் சொல்லாக்கமும். பதினைந்து வயதில் காசிகா என்ற உரைநூல். அதைப் புரிந்துகொள்ள ஐந்தாண்டு ஆகும். அந்தணர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பாடல்கள் கொண்ட வேதத்தை எழுதிவைக்காமல் வாய்வழியாகவே கற்பிப்பதையும் அவர் கண்டார். சீனாவிலிருந்து வருகிறவர்கள் இந்த இலக்கணப் படிப்பைத் தாண்டிக் குதித்தால் அவர்கள் உழைப்பு வீண் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

சிறியவற்றைப் பார்த்த கண்

இட்சிங்கின் குறிப்புகளை மற்றப் பயணநூல்களிலிருந்து வேறுபடுத்துவது அவர் எதைப் பார்த்தார் என்பதுதான். அரண்மனைகளையும் போர்களையும் விட்டுவிட்டு அவர் அன்றாட வாழ்க்கையைக் கவனித்தார்.

துறவிகள் சாப்பிடும்போது ஏழு அங்குல உயரமுள்ள சிறு பிரம்பு இருக்கையில் கால் தரையில் படும்படி உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் தொடாதபடி ஒரு முழ இடைவெளி விட்டார்கள். தரை சாணத்தால் மெழுகப்பட்டுப் பசிய இலைகள் பரப்பப்பட்டிருக்கும். முதலில் இஞ்சியும் உப்பும் வைப்பார்கள். வலக்கையால் உண்டார்கள். எச்சில் பட்ட உணவை எடுத்துவைத்து மறுமுறை உண்பதில்லை. உண்ணும் முன்னும் பின்னும் கையும் வாயும் கழுவாமல் யாரையும் தொடுவதில்லை. குடிநீருக்கு ஒரு பாத்திரம், கழுவும் நீருக்கு வேறு பாத்திரம். நீரைத் துணியில் வடிகட்டி, சிற்றுயிர்கள் இருந்தால் அவற்றை மீண்டும் நீர்நிலையிலேயே விட்டார்கள்.

ஒவ்வொரு காலையும் பல்குச்சியை மென்று பல் துலக்கி நாக்கை வழித்தார்கள். சுண்டுவிரல் பருமன், நீளம் எட்டு முதல் பன்னிரண்டு விரற்கடை. சீனாவில் சிலர் இதை வில்லோ மரக்கிளை என்று தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவில் வில்லோ மரமே அரிது என்று இட்சிங் திருத்தினார். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்ததால் ஒரு நாடே தவறான மரத்தைத் தேடியது எப்படி என்பதற்கு இது சிறிய, நல்ல எடுத்துக்காட்டு.

காய்ச்சலோ தலைவலியோ வந்தால் முதலில் உணவை நிறுத்துவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். லங்கணமே மருந்து என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது எவ்வளவு பழைய வழக்கம் என்பது இதிலிருந்து தெரிகிறது. தென்கடல் தீவுகளில் விருந்துக்கு அழைப்பவர்கள் இலைக்கலத்தில் பாக்கும் நறுமண எண்ணெயும் சிறிது அரிசிப் பொடியும் வைத்து வெள்ளைத் துணி மூடிக் கொண்டுவருவார்கள் என்ற குறிப்பும் உண்டு. தாம்பூலம் வைத்து அழைக்கும் பழக்கமுள்ள எந்த வீட்டுக்கும் இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

நிழலையும் அவர் விடவில்லை. ஸ்ரீவிஜயத்தில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருவதையும், அந்த நாள்களில் நண்பகலில் நிற்பவருக்கு நிழலே விழாததையும் குறித்திருக்கிறார். அவர் தங்கிய இடம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தது என்பதைப் பின்னாள் அறிஞர்கள் உறுதிசெய்ய இந்தக் குறிப்பு உதவியது.

பார்த்ததையெல்லாம் அவர் கண்மூடிப் போற்றவில்லை. சீனாவின் மருந்துகளையும் தம் நாட்டின் சிறப்புகளையும் பெருமையோடு சொன்னார். அதே சமயம், பக்தியின் பெயரால் சில சீனத் துறவிகள் விரலையும் உடலையும் எரித்துக்கொள்வது விதிக்குப் புறம்பானது என்று துணிந்து எழுதினார். தம் நாட்டின் வழக்கத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும் துணிவை அவருக்குப் பயணம் தந்தது.

கேட்காமல் கிளம்பிய கப்பல்

685ஆம் ஆண்டு, ஏறத்தாழ நானூறு நூல்களைச் சேர்த்துக்கொண்டு இட்சிங் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். தாம்ரலிப்தியை எட்டும் முன் மீண்டும் கொள்ளையரிடம் சிக்கி மயிரிழையில் தப்பினார். கெடா வழியாகச் சுமத்ராவுக்கு வந்து சேர்ந்தார். மலாயு நாடு இதற்குள் ஸ்ரீவிஜயத்தின் பகுதியாகிவிட்டதை அவர் ஒரு வரியில் குறித்தார். அந்த ஒரு வரிதான் ஸ்ரீவிஜயம் பேரரசாக விரிந்த காலத்தை இன்று நமக்குக் காட்டுகிறது.

நாடு திரும்பாமல் ஸ்ரீவிஜயத்திலேயே உட்கார்ந்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஆனால் தாள், மை, படியெடுக்க ஆள் எல்லாமே பற்றாக்குறை. 689ஆம் ஆண்டு, இவற்றை அனுப்பும்படி குவாங்சௌவுக்குக் கடிதம் கொடுத்துவிட ஆற்றுமுகத்தில் நின்ற கப்பலில் ஏறினார். அந்த நேரம் பார்த்து நல்ல காற்று வீசியது. வணிகர் பாயை விரித்துவிட்டார். இறங்க வழியில்லை. பதினெட்டு ஆண்டுகளாகத் தாய்நாட்டைக் காணாதவர், கையில் ஒரு கடிதத்தோடு மட்டும் குவாங்சௌவில் போய் இறங்கினார். உயிரைக் கொடுத்துச் சேர்த்த நூல்கள் அத்தனையும் சுமத்ராவில் கிடந்தன.

வந்தது வந்தோம் என்று அவர் தங்கிவிடவில்லை. நான்கு உதவியாளர்களைத் தேர்ந்துகொண்டு, அதே ஆண்டின் இறுதியில் அடுத்த பருவக்காற்றோடு மீண்டும் ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பலேறினார்.

திரும்பாதவர்களின் கணக்கு

அங்கிருந்தபடி அவர் இரண்டு நூல்களை எழுதி முடித்தார். ஒன்று, இந்தியாவிலும் தென்கடலிலும் கண்ட பௌத்த வழக்கங்கள் பற்றியது. மற்றொன்று, அவர் காலத்தில் மேற்கே பயணம் செய்த ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் வாழ்க்கைக் குறிப்புகள். அவர்களுள் சீனர்களோடு கொரியர்களும் வியட்நாமியர்களும் உண்டு. பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. நோய், கடல், கொள்ளை என்று ஏதோ ஒன்று அவர்களைக் கொண்டுபோனது.

சாங்மின் என்ற துறவி ஏறிய கப்பல் சரக்கு மிகுதியால் மலாயு அருகே மூழ்கத் தொடங்கியது. எல்லோரும் சிறு படகுக்காக அடித்துக்கொண்டார்கள். கப்பல் தலைவர் அவரை அழைத்தார். மற்றவர்களை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் கைகூப்பி நின்றார். அவருடைய சீடரும் அவரோடு நின்று மூழ்கினார். இட்சிங் எழுதியிராவிட்டால் இவர்கள் பெயரும் அந்தக் கடலோடு போயிருக்கும்.

தமிழர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு குறிப்பும் இந்த நூலில் இருக்கிறது. வூசிங் என்ற துறவி கெடாவிலிருந்து மேற்கே முப்பது நாள் கடலில் சென்று நாகப்பட்டினத்தில் இறங்கினார். அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை போனார். கெடாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஏழாம் நூற்றாண்டிலேயே கப்பல் ஓடியதற்கு இது எழுத்துச் சான்று. சோழர் கல்வெட்டுகள் கெடாவைக் கடாரம் என்று அழைத்தது பல தலைமுறை கழித்துத்தான். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் கட்டிய பௌத்த விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகத் தந்ததும் அதற்குப் பிந்தியதே.

692ஆம் ஆண்டு இட்சிங் இந்த இரண்டு நூல்களையும் தாஜின் என்ற துறவியிடம் கொடுத்துச் சீனாவுக்கு அனுப்பினார். இந்தியா செல்லும் சீனத் துறவிகள் தங்க அங்கே ஒரு மடம் கட்டித் தரும்படி அரசுக்கு ஒரு விண்ணப்பமும் அதனுடன் போனது. படிக்க வருகிற அடுத்தவருக்குத் தம்மைப் போல் அலைச்சல் வேண்டாம் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

வீடு திரும்பியவரின் வேலை

695ஆம் ஆண்டு இட்சிங் லுயோயாங் நகரை அடைந்தார். அப்போது சீனாவை ஆண்டவர் பேரரசி வூ செத்தியன். சீன வரலாற்றில் தம் பெயரிலேயே அரியணை ஏறிய ஒரே பெண் அவர். பேரரசியே நகரின் கிழக்கு வாயிலுக்கு வெளியே வந்து துறவியை வரவேற்றார்.

வரவேற்பு முடிந்ததும் வேலை தொடங்கியது. அறுபது வயதில் மொழிபெயர்ப்பில் அமர்ந்தவர், கடைசி ஆண்டுகள் வரை எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தாறு நூல்களை இருநூற்று முப்பது சுருள்களில் சீன மொழியாக்கினார். 713ஆம் ஆண்டு சாங்கானில் காலமானார். அவர் பணிபுரிந்த மடத்தின் கோபுரம் இன்றைய சியான் நகரில் சிறு காட்டுவாத்துக் கோபுரம் என்ற பெயரில் இன்னும் நிற்கிறது.

அவர் எதற்காகக் கிளம்பினாரோ, அது முழுமையாக நிறைவேறவில்லை. அவர் பாடுபட்டுப் பெயர்த்த விதிநூல்கள் சீன மடங்களில் முன்பிருந்தவற்றை அகற்றவில்லை. பழகிய வழக்கத்தை மாற்ற மக்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. 1896ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் தக்காகுசு அவருடைய பயணநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1918ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடேஸ், கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, ஸ்ரீவிஜயம் என்பது ஒரு மன்னரின் பெயரல்ல, மறக்கப்பட்ட ஒரு பேரரசின் பெயர் என்று நிறுவினார். அந்தப் பேரரசின் உள்ளே வாழ்ந்து எழுதிய சாட்சி இட்சிங் ஒருவர்தான்.

அவருடைய எழுத்தில் குறைகளும் உண்டு. ஸ்ரீவிஜய மன்னரின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. வணிகர்கள், மாலுமிகள், பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அதில் மிகக் குறைவு. மடத்துக்குள்ளிருந்து பார்த்த கண்ணுக்கு மடம்தான் தெரிந்தது. வரலாற்று மாணவர்கள் அவரைப் படிக்கும்போது இந்த எல்லையையும் நினைவில் வைக்க வேண்டும்.

கெடாவில் மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கோயில்களின் அடித்தளக் கற்களையும், அகழ்ந்தெடுத்த மணிகளையும் பானை ஓடுகளையும் அங்கே பார்க்கலாம். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகிற மாணவர்கள், வாயிலில் படம் எடுத்துக்கொண்டதும் பேருந்தில் ஏறிவிடாமல் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தக் கரையில்தான் ஒரு மாணவர், மொழியில் ஆறு மாதப் பயிற்சியும் மனம் நிறையக் கேள்விகளுமாக, வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருந்தார்.